பெயர்ப்பலகை மாறினால் போதுமா?

தோட்டத்தின் முதலாளி யார் என்று ஒரு பால்மரத் தொழிலாளியைக் கேட்டுப் பாருங்கள். மண்டோரைத் தெரியும், கிராணியாரைத் தெரியும், பெரிய துரையைத் தூரத்திலிருந்து தெரியும் என்பார். அதற்கு மேலே உள்ளவர் எந்தத் தேசத்தில் இருக்கிறார் என்று அவருக்கு எவரும் சொன்னதில்லை.

பன்னாட்டுக் கம்பெனி என்ற சொல் இன்று பத்திரிகைகளில் அதிகமாக அடிபடுகிறது. ஏதோ புதிய சரக்கு என்று எண்ணுவோரும் உண்டு. நம் பாட்டன் காலத்திலிருந்து நாம் கூலி வாங்கியது அதனிடம்தான்! அலெக்ஸாண்டர் கத்ரி என்ற ஸ்காட்லாந்து வியாபாரி 1821இல் சிங்கப்பூரில் கடை திறந்தார். ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்பீல்ட் 1844இல் லிவர்பூலில் தேயிலை வர்த்தகமாகத் தொடங்கிற்று. சைம் டார்பி 1910இல் மலாக்காவில் பிறந்தது. பிற்காலத்தில் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களை ஆட்டிவைத்த ஏஜென்சி ஹவுஸ்கள் இவையே.

அந்த ஏற்பாட்டின் சூட்சுமத்தைக் கிராணிமார் நன்றாக அறிவார்கள். தோட்டம் என்பது லண்டனில் பதிவான ஒரு தனிக் கம்பெனி. பங்குக்காரர்கள் சீமையில். ஆனால் துரையை நியமிப்பது, உரம் வாங்குவது, ரப்பரைக் கப்பலேற்றி விற்பது, இன்ஷூரன்ஸ் எடுப்பது, கணக்கு எழுதுவது எல்லாம் ஏஜென்சியின் வேலை. ஒவ்வொன்றுக்கும் அதற்குக் கட்டணமோ கமிஷனோ உண்டு. அது செலவுப் பத்தியில் விழும். லாபம் பார்க்கும் முன்பே போய்விடும். தோட்டம் நஷ்டம் காட்டிய ஆண்டிலும் ஏஜென்சிக்கு வரும்படி நிற்காது. தொழிலாளி கூலி உயர்வு கேட்டாலோ, தோட்டத்தின் கணக்கை மட்டும் எடுத்து நீட்டுவார்கள்.

இன்றைய பன்னாட்டுக் கம்பெனிகளின் வித்தையும் இதன் பேரப்பிள்ளைதான். தாய்க் கம்பெனி ஒரு தேசத்தில், மகள் கம்பெனி இன்னொரு தேசத்தில். மகள் தாய்க்கு விற்கும் சரக்கின் விலையைத் தாயே நிர்ணயிக்க முயல்வாள். வரி கூடிய நாட்டில் லாபம் இளைக்கும். வரி குறைந்த நாட்டில் கொழுக்கும். இதைத் தடுக்கத்தான் பெருங்கம்பெனிகளுக்கு 15 சதவீதக் குறைந்தபட்ச வரியைப் பல நாடுகள் கொண்டுவந்தன. மலேசியாவிலும் அது 2025 முதல் நடப்புக்கு வந்தது. நிலத்தின் கதையோ இன்னும் விசித்திரம். 1926இல் அமெரிக்க டயர் கம்பெனியான பயர்ஸ்டோன், ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் 10 லட்சம் ஏக்கர் வரை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கும் உரிமை பெற்றது. ஏக்கருக்கு ஆண்டு வாடகை 6 காசு!

நம் நாட்டில் இந்தக் கதை திரும்பியது 1981 செப்டம்பர் 7ஆம் தேதி. அன்று காலை லண்டன் பங்குச் சந்தை திறந்த சில மணி நேரத்துக்குள், அரசாங்க முதலீட்டு நிறுவனமான பெர்மொடாலான் நேஷனல், கத்ரி கம்பெனியின் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கி முடித்துவிட்டது. ஏறத்தாழ 2 லட்சம் ஏக்கர் நிலம் மலேசியர் கைக்கு வந்தது. அந்த வெற்றியை நாம் மனமார மெச்சுகிறோம். பிறகு 2007இல் கத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி மூன்றும் ஒன்றாயின. அந்தக் குடும்பத்துத் தோட்டக் கம்பெனி 2024இல் தன் பெயரை எஸ்.டி. கத்ரி என்று மாற்றிக்கொண்டது. ஸ்காட்லாந்துக்காரர் பெயர் மறுபடியும் பலகையில் ஏறிவிட்டது, வேடிக்கைதான்.

இடையில் நடந்ததையும் பார்க்க வேண்டும். 2009இல் சைம் டார்பி அதே லைபீரியாவில் 2 லட்சத்து 20 ஆயிரம் ஹெக்டர் நிலத்துக்கு 63 ஆண்டு உரிமை பெற்றது. 2011இல் அங்குள்ள கிராமத்தார் தங்கள் நிலமும் புதைகாடும் பறிபோவதாகப் புகார் செய்தார்கள். 2020இல் கம்பெனி அதை விற்றுவிட்டு வெளியேறியது. இங்கே நாம் சீமைத் துரையைப் பற்றிப் பேசியதை அங்கே அவர்கள் நம்மவர்களைப் பற்றிப் பேசினார்கள். முதலாளி உள்நாட்டார் ஆனதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவோர் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

ஆனால் கம்பெனியின் கை நீளமாக இருந்தால், பிடித்து இழுக்கவும் அது வசதி. 2020 டிசம்பரில், கட்டாய உழைப்பின் அறிகுறிகள் இருப்பதாகச் சொல்லி, அமெரிக்கச் சுங்க இலாகா இதே கம்பெனியின் செம்பனை எண்ணெயைத் தடுத்தது. அதன்பின் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வேலைக்கு வரக் கட்டிய பணத்தைக் கம்பெனி திருப்பிக் கொடுத்தது. 2023இல்தான் தடை நீங்கியது. வாங்குபவன் கதவைச் சாத்தினால் நிர்வாகத்துக்குக் காது கேட்கிறது!

பீடோர் சுற்றுவட்டாரத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்த இடங்கள் பல. எந்தத் தோட்டமும் கைமாறலாம். அப்போது 1980ஆம் ஆண்டின் வேலைநீக்க நஷ்டஈட்டு விதிகளை நினைவில் வையுங்கள். புதிய முதலாளி 7 நாளுக்குள், பழைய நிலைமைக்குக் குறையாத நிபந்தனைகளில் வேலை தர முன்வர வேண்டும். அப்படித் தந்தால் பழைய சேவைக்காலம் அறுபடாது. தராவிட்டால் நஷ்டஈட்டுக்குப் பழைய முதலாளியும் புதிய முதலாளியும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு: 5 ஆண்டோ அதற்கு மேலோ உழைத்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். "எல்லாம் பழையபடிதான்" என்ற வாய்ப்பேச்சை நம்பாதீர்கள்; எழுத்தில் கேளுங்கள். சம்பளச் சீட்டுகளைச் சுருட்டி அடுப்பில் போடாதீர்கள்.

ஒன்று மட்டும் கவனம். குடியிருக்கும் லயத்து வீட்டுக்கு இந்த விதிகள் உத்தரவாதம் தரவில்லை. அதைச் சங்கத்தின் மூலம் பேசி எழுதி வாங்க வேண்டும். விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்து விழுவதற்கு முன்பே.