வெளிச் சமையலுக்கு 27 பர்சென்ட்!

சென்னையில் கல்யாண மண்டபம் புக் பண்ணப் போன அனுபவஸ்தர்களுக்குத் தெரியும். "நம்ம கான்ட்ராக்டர்தான் சமையல் சார். வெளி ஆள் வேணும்னா தாராளமா கூட்டிட்டு வாங்க... மண்டபத்துக்கு ஒரு தொகை கட்டிடணும்" என்பார் மேனேஜர். சாம்பாருக்கு அவர் ஒரு கத்திரிக்காய்கூட நறுக்கியிருக்க மாட்டார்!

போனுக்குள் இருக்கிற ஆப் ஸ்டோரும் ஏறக்குறைய அந்த மண்டபம்தான்.

நம்பவில்லையா? 2023 பிப்ரவரியில் ட்விட்டரின் நீல டிக், மாதச் சந்தாவோடு இந்தியாவுக்கு வந்தது. வெப்சைட்டில் வாங்கினால் 650 ரூபாய். போன் ஆப்பில் 900. அடியேன் பி.காம். ஆச்சே, உடனே கால்குலேட்டரை எடுத்தேன். 900-ல் 30 பர்சென்ட் 270. கழித்தால் 630. ஆக, ஏறிய 250 ரூபாய் டிக்குக்கு இல்லை, மண்டபத்துக்கு! கட்டுவது நீங்கள் சார், கம்பெனிக்காரன் இல்லை.

அமெரிக்காவில் 'ஃபோர்ட்நைட்' விளையாட்டை நடத்தும் எபிக் கம்பெனிக்கு இது பொறுக்கவில்லை. 2020 ஆகஸ்டில் ஆப்புக்குள்ளேயே சொந்தக் கல்லாப்பெட்டி வைத்து, விலையையும் குறைத்தது. அன்றைக்கே ஆப்பிளும் கூகுளும் விளையாட்டைத் தூக்கி வெளியே போட்டன. ஆப்பிள் மேல் போட்ட கேஸில் 2021-ல் தீர்ப்பு. பெரும்பாலும் ஆப்பிளுக்கே ஜெயம். ஒன்றே ஒன்றுதான் இடித்தது: 'வெளியே வந்து வாங்குங்கள்' என்று ஆப்காரர் வழி காட்டினால் தடுக்கக் கூடாது.

அப்பீலெல்லாம் முடிந்து 2024 ஜனவரியில் ஆப்பிள் கதவைத் திறந்ததே, அந்த அழகைக் கேளுங்கள். லிங்க்கைத் தட்டி வெளியே போய் ஏழு நாளைக்குள் எது வாங்கினாலும் 27 பர்சென்ட் கட்டணும்! கார்டு, பாங்க் என்று இன்னொரு மூணு போகும். 27-ம் 3-ம் எவ்வளவு? எங்க அக்கவுன்டன்சி வாத்தியார் பார்த்திருந்தால் கை தட்டியிருப்பார். நீதிபதி இவான் கொன்சாலஸ் ராஜர்ஸ் அம்மாள் தட்டவில்லை. 2025 ஏப்ரலில் 'கோர்ட் அவமதிப்பு' என்று தாளித்து, அந்த 27-ஐ நிறுத்தச் சொன்னார். ஆப்பிள் மறுபடி அப்பீல்!

நம்ம ஊரிலும் இதே ராகம். 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 936 கோடி அபராதம் போட்டது. (2025-ல் மேல்முறையீட்டில் அது 216 கோடியாக இளைத்துவிட்டது.) 'சரி, வேறு வழியிலும் பணம் வாங்கிக்கொள்ளுங்கள்' என்றது கூகுள். அப்படி வாங்கினால் 15 பர்சென்ட் 11 ஆகும், 30 பர்சென்ட் 26 ஆகும். நாலே நாலு! முறுக்கிக்கொண்ட ஆப்களை 2024 மார்ச் 1-ம் தேதி எடுத்துவிட்டார்கள். அதில் சென்னைக்கார பாரத் மேட்ரிமோனியும் ஒன்று. கல்யாணத் தரகரையே மண்டபத்தை விட்டுத் துரத்தினால் எப்படி? மத்திய அரசு தலையிட்டு, சில நாளில் திரும்ப வந்தது.

கடைக்காரர்கள் சொல்லும் பாதுகாப்புக் காரணத்தை மட்டும் நான் சிரித்து ஒதுக்க மாட்டேன். வாட்ஸ்அப்பில் 'கல்யாணப் பத்திரிகை' என்று ஏ.பி.கே. ஃபைல் வருகிறது. இன்ஸ்டால் பண்ணினால் பாங்க் அக்கவுன்ட் காலி. எந்தப் பத்திரிகை வந்தாலும் "யார் வீட்டுக் கல்யாணம்டா?" என்று ஆசையாகத் திறக்கிற என் அப்பாவுக்கு வாசலில் ஒரு காவல் வேண்டும்தான். சமையல்கட்டைச் சோதிக்கட்டும். அதற்குக் கூலியும் வாங்கட்டும். சாம்பார் விற்ற காசில் எதுக்கு சார் பங்கு?

அடுத்த தடவை ஆப்பில் சந்தா கட்டும் முன் அதே கம்பெனியின் வெப்சைட்டில் விலையைப் பாருங்கள். அங்கே குறைவு என்றால் அங்கேயே கட்டிவிட்டு, மிச்சத்தில் ஆபீஸ் நண்பருக்கு டிபன் வாங்கிக் கொடுங்கள்.