விலைக்கு வரும் வீடு: வாசலில் புல்லா, வடிகாலா?

கடலூர் தேவனாம்பட்டினத்தில் ஒரு கோட்டை இருந்தது. அதற்கு செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர். 1690-ல் மராட்டியரிடமிருந்து ஆங்கிலக் கம்பெனி அதை விலைக்கு வாங்கியது. அந்த விற்பனையில் ஒரு விசித்திரமான நிபந்தனை. கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட வேண்டும். குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ, அவ்வளவு நிலமும் வாங்கியவருக்குச் சொந்தம். அப்படிச் சேர்ந்த ஊர்களுக்கு "குண்டு கிராமங்கள்" என்றே பெயர் வந்தது.

இன்று வீடு வாங்க வருகிறவரிடம் பீரங்கி இல்லை. ஆனால் கண் இருக்கிறது. வாசலைப் பார்க்கிறார், தோட்டத்தைப் பார்க்கிறார், பிறகுதான் வீட்டுக்குள் வருகிறார். அதனால், வீட்டை விற்க நினைப்பவர்கள் முதலில் தோட்டத்தில் கை வைக்கிறார்கள். புல் பதிக்கிறார்கள். பூந்தொட்டி அடுக்குகிறார்கள். செம்மண் கொட்டுகிறார்கள்.

இது லாபமா, வீண் செலவா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பச்சைப் புல்லின் விலை

நர்சரியில் புல்லைப் பாய் போலச் சுருட்டி விற்கிறார்கள். விரித்தால் வாசல் ஒரே நாளில் பச்சையாகிவிடும். பார்க்க அழகுதான். ஆனால் அது குடிக்கும் தண்ணீரைப் பாருங்கள்.

ஒரு சென்ட் நிலம் என்பது ஏறக்குறைய 40 சதுர மீட்டர். கோடையில் புல் வாடாமல் இருக்க நாளொன்றுக்கு 5 மில்லி மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் வேண்டும். ஒரு சென்ட்டுக்கு அது 200 லிட்டர் ஆகிறது. நகரில் குழாய்த் திட்டம் போடும்போது ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று கணக்கு வைக்கிறார்கள். ஓர் ஆள் குடித்து, குளித்து, துவைக்கும் தண்ணீரைவிட ஒரு சென்ட் புல் அதிகம் குடிக்கிறது!

வீடு விலை போக ஆறு மாதம் ஆனால்? அதுவரை தண்ணீர் விட வேண்டும். விடாவிட்டால் புல் காய்ந்து, வாசல் முன்பைவிட மோசமாகத் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. பத்திரப் பதிவுத் துறையின் வழிகாட்டி மதிப்பு தெருவுக்கும் சர்வே எண்ணுக்கும் போடப்படுகிறது. அதில் புல்லுக்கும் பூச்செடிக்கும் இடமில்லை. தோட்டத்தால் வரும் லாபம், வாங்குகிறவரின் மனத்தில்தான் இருக்கிறது.

அவர் கேட்கும் முதல் கேள்வி

வாங்குகிறவரின் மனத்தில் என்ன இருக்கிறது? "மழைக் காலத்தில் இங்கே தண்ணீர் நிற்குமாங்க?" இதுதான் அவருடைய முதல் கேள்வி.

கேட்பதில் நியாயம் உண்டு. தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் ஆகிய ஆறுகள் இந்த மாவட்டத்தின் வழியாகவும் எல்லையிலும் ஓடிக் கடலில் கலக்கின்றன. எங்கோ பெய்யும் மழைக்கும் இதுவே வடிகால்.

2011 டிசம்பர் 30-ந் தேதி "தானே" புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. பலாவும் முந்திரியும் தென்னையும் வேரோடு சாய்ந்தன. 2015 நவம்பர், டிசம்பர் மாதங்களில் பெருவெள்ளம். 2024-ல் "பெஞ்சல்" புயல். அப்போது சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறந்துவிடப்பட்டது. தென்பெண்ணை பெருகி, கடலூரில் கரையோரப் பகுதிகளுக்குள் புகுந்தது.

இதையெல்லாம் கண்ட மக்கள் புல்லைப் பார்த்து மயங்குவார்களா?

செய்யத்தக்க வேலைகள்

ஆகவே, கையில் இருக்கும் பணத்தை முதலில் வடிகாலுக்குச் செலவிடுங்கள். சுவரை ஒட்டிப் பள்ளம் இருந்தால் மண் போட்டு மேடாக்குங்கள். சுவரிலிருந்து பத்தடி தூரம் போவதற்குள் அரையடி சரிவு இருந்தால் போதும். மழைத் தண்ணீர் அஸ்திவாரத்தை விட்டு விலகி ஓடும்.

ஆனால், வாசல் முழுவதையும் லாரி லாரியாக மண் கொட்டி உயர்த்தக் கூடாது. அப்படிச் செய்தால் உங்கள் வீட்டுத் தரை பள்ளமாகும். அடுத்த வீட்டுக்காரர் வாசலில் தண்ணீர் தேங்கும். விற்கும் நேரத்தில் அண்டை வீட்டுச் சண்டை நல்லதல்ல. வாங்க வருகிறவர் முதலில் விசாரிப்பது அவரிடம்தான்.

மழைநீர் சேகரிப்புத் தொட்டியைத் தூர் வாருங்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் இது கட்டாயம். பல வீடுகளில் குழாய் மட்டும் இருக்கிறது. குழியில் சேறு நிறைந்திருக்கிறது.

தெருச் சாக்கடையின் மேல் செடி வைத்துக் கம்பி வேலி போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். அது உங்கள் பட்டாவில் இல்லாத இடம். வாங்குகிறவர் அளந்து பார்த்தால் வெட்கம் உங்களுக்கு.

மண்ணைப் பார்த்துச் செடி வையுங்கள். கடலூரில் கடலோரம் மணல். தண்ணீர் உடனே இறங்கிவிடும். அங்கே தென்னை வளரும். சிதம்பரத்தைச் சுற்றிக் களிமண். மழையில் தேங்கும்; கோடையில் வெடிக்கும். அங்கே நந்தியாவட்டை, செம்பருத்தி, அரளி போன்ற செடிகளை மேட்டுப் பாத்தியில் வைத்தால் செலவு குறைவு. பசுமை வேண்டுமா? தானாக முளைத்த அருகம்புல்லை ஒழுங்காக வெட்டிவிட்டாலே போதும்.

காய்ந்த மட்டைகளையும், கூரைமேல் சாயும் முருங்கைக் கிளைகளையும் கழியுங்கள். "தானே" புயலைப் பார்த்தவர்கள் வீட்டின் மேல் சாய்ந்து நிற்கும் மரத்தைக் கண்டு அஞ்சுவார்கள். ஆனால் நல்ல வேம்பையும் காய்க்கிற மாமரத்தையும் வெட்டிவிடாதீர்கள். புல்லை ஒரு நாளில் விரிக்கலாம். மர நிழலுக்கு இருபது ஆண்டுகள் வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன் 55-வது பிரிவை விற்பவரும் வாங்குபவரும் தெரிந்துகொள்ள வேண்டும். சொத்தில் பெரிய குறை இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்திருந்து, வாங்குபவர் சாதாரணமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், விற்பவர் அதைச் சொல்லியே தீர வேண்டும். சொல்லாமல் மறைப்பது மோசடி என்கிறது சட்டம்.

வெள்ளக் கறை படிந்த சுவருக்கு மூன்றடி உயரம் மட்டும் புதுச் சாயம். அதன் கீழே புது மண். மண் மேல் புதுப் புல். இப்படி ஒரு வாசலைக் கண்டால் வாங்குகிறவர் விசாரிக்க வேண்டும். அழகுக்காகச் செய்தால் தோட்டம். மறைப்பதற்காகச் செய்தால் அது முகமூடி.

மரங்களைப் பற்றியும் ஒரு விஷயம். நிலத்தை விற்றால், அதில் வேரூன்றியவையும் அதோடு சேர்ந்து கைமாறும் என்பது அதே சட்டத்தின் 8-வது பிரிவு. "தென்னை நான் வைத்தது, தேங்காய் எனக்குத்தான்" என்று பதிவுக்குப் பிறகு பேசிப் பயனில்லை. எதையாவது பெயர்த்துக்கொண்டு போக விருப்பமா? முன்பணம் வாங்குமுன் பேசி, ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

வாங்குவோருக்கு

இங்கே வீடு பேசி முடிப்பது பெரும்பாலும் தை மாதத்தில். அப்போது மழை ஓய்ந்திருக்கும். எந்தத் தோட்டமும் பச்சையாகத்தான் இருக்கும். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு முறை போய்ப் பாருங்கள். அடைமழை நாளில் தெருவில் நின்று பார்த்தால் தரகர் சொல்லாததெல்லாம் தெரியும். தெரு, வீட்டை விட உயரமா என்றும் பாருங்கள். தார் மேல் தார் போட்டு உயர்ந்த தெருக்கள் எத்தனை! பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். உங்கள் தெருவில் அப்படி நடந்ததா என்று கேளுங்கள்.

வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து ஒரு குடும்பம் வீடு வாங்குகிறது. "2015-ல் வாசற்படி வரை தண்ணீர் வந்தது. அதன் பிறகு இந்தக் கால்வாயை வெட்டினேன். 2024-ல் வரவில்லை" என்று சொல்லும் விற்பனையாளருக்கு விலை சற்றுக் குறையலாம். ஆனால் வழக்கு வராது. வந்தவர் பாதியில் பின்வாங்கவும் மாட்டார். வீட்டை விற்ற பிறகும் அதே ஊரில்தான் தலைநிமிர்ந்து நடக்க வேண்டும். அதற்கு இதுவே நல்ல வழி.