தானிய வணிகர் தொடங்கி வைத்த ரயில்



ரயில் என்றாலே அரசாங்கம் என்று நினைத்துப் பழகிவிட்டோம். ஆனால், நீராவி என்ஜினால் இரு பெரு நகரங்களை இணைத்த உலகின் முதல் ரயில் பாதை, நம்மைப் போன்ற வியாபாரிகள் கூடிப் போட்டது. இங்கிலாந்தில், மான்செஸ்டர் நகரின் பழைய லிவர்பூல் ரோடு நிலையம் அதற்குச் சாட்சி.

அன்று லிவர்பூல் துறைமுகத்தில் இறங்கிய பஞ்சுப் பொதிகள், கால்வாய்ப் படகுகளில் மான்செஸ்டர் ஆலைகளுக்குச் சென்றன. கால்வாய்க்காரர் வைத்ததே கட்டணம், தாமதத்துக்கோ கேள்வியில்லை. லிவர்பூல் தானிய வணிகர் ஜோசப் சாண்டர்ஸ், மற்ற வணிகர்களையும் ஆலை அதிபர்களையும் ஒன்றுசேர்த்தார். 1824-ல் கம்பெனி உருவாயிற்று. 1825-ல் அவர்களது மசோதா நாடாளுமன்றத்தில் தோற்றது. அவர்கள் கலைந்துவிடவில்லை. 1826-ல் மீண்டும் கொண்டுவந்து வென்றனர். கால்வாய் வருமானத்தை அனுபவித்து வந்த ஸ்டாஃபோர்டு பிரபுவே 1,000 பங்குகள் வாங்கினார்! 1830 செப்டம்பர் 15-ல் ரயில் ஓடியது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த நிலையத்தில் பயணிகள் ஏறி இறங்கியது 1844 வரைதான். அதன்பின் 1975 வரை, 131 ஆண்டுகள், அதை வாழவைத்தது சரக்கு! 1830-ல் கட்டிய கிட்டங்கியும் இடிபடாமல் நின்றது. 1978-ல் ஒரு பவுண்டு விலைக்கு உள்ளாட்சி மன்றம் வாங்கியது. 1983-ல் அங்கே அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

இதை ஏன் எழுதுகிறோம்? லாரி வாடகை ஏறியபோதெல்லாம் மண்டிக்காரர்களாகிய நாங்கள் என்ன செய்தோம்? தனித்தனியே முணுமுணுத்தோம், பிறகு மூட்டை விலையில் ஏற்றிவிட்டோம். அதைச் சுமந்தவர் சில்லறைக் கடைக்காரர். அவரது வாடிக்கையாளர் பெரிய கடையைத் தேடிப் போனபோதுதான் எங்களுக்கும் உறைத்தது. மளிகைக் கடை மூடினால் மண்டிக்கு ஏது வியாபாரம்?

ரயில் போட வேண்டாம். பத்துக் கடைகள் சேர்ந்து ஒரு லோடு எடுக்கலாம். வாடகையைச் சங்கத்தின் வழியே ஒருமுகமாகப் பேசலாம். பொதுவில் ஒரு கிட்டங்கி வைக்கலாம். முதல் முயற்சி தோற்கலாம். சாண்டர்ஸ் கூட்டத்தாருக்கும் முதலில் தோல்விதான்.

அடுத்த பொதுக்குழுவில் இதைப் பேசுவோம். கடையைச் சற்று நேரம் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு, அனைவரும் வாருங்கள்.