கோணல் வயதின் குற்றமன்று

"எழுபது வருசக் கார் ஐயா, கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும்." யாழ்ப்பாணத்தில் பழைய கார் விற்போர் சிலர் இப்பொழுது கூசாமற் சொல்லும் வசனம் இது. கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ விடுமுறைக்கு வந்தவரும், 'அப்பா வைத்திருந்த அதே ஒஸ்ரின்' என்ற நெகிழ்ச்சியிலே தலையாட்டிவிடுகிறார்.

நான் இதை ஒப்பவில்லை. இரும்புத் தகடு வயதினால் வளைவதில்லை. மோதினால் வளையும்; உக்கினால் இறங்கும். இரண்டையும் மறைக்கத்தான் பட்டியும் மினுங்கும் பூச்சும்.

1952 இல் வெளிவந்த ஏ40 சோமர்செற்றுக்கு அடியிலே தனிச் சட்டம் உண்டு; மேலுடல் உக்கினாலும் அது தாங்கும். 1954 இல் வந்த கேம்பிரிட்ஜில் கூடேதான் சட்டம். கதவடிப் பெட்டி உக்கிற்றென்றால் முதுகெலும்பே போயிற்று. நமது உப்புக்காற்றில் இது அரிதான நோயுமன்று. அதன்மேல் பட்டி அப்பி விற்பதை வியாபாரமென்று அழைக்க என் நா கூசுகிறது.

சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். மேசன்மாரின் தூக்குக்குண்டு, சோக்குக்கட்டி, அளவுநாடா போதும். சமதளச் சீமெந்துத் தரையிலே காரை நிறுத்தி, முன்னும் பின்னும் சில்லுத் தாங்கிகள் கூட்டோடு பூட்டப்பட்ட இடங்களிலிருந்து குண்டை இறக்கிப் புள்ளியிடுங்கள். காரைத் தள்ளிவிட்டு, புள்ளிகளைக் குறுக்காக அளவுங்கள். இரு மூலைவிட்டங்களும் ஒத்துவராவிடின் கூடு கோணியிருக்கிறது. பின்னர் ஒரு பக்கத்தை ஜாக்கியில் உயர்த்திக் கதவை மூடிப் பாருங்கள். தரையில் நிற்கையிற் பொருந்திய கதவு இப்பொழுது இடித்தால், கூடு தளர்ந்துவிட்டது. துணி சுற்றிய காந்தம் ஒட்டாத இடத்தில் இருப்பது பட்டி. அரைமணி நேர வேலை. அதற்கும் மறுப்பவரிடம் என்ன வாங்குவது?

1990 இன் பின் பொருளாதாரத் தடைக்குள் பெற்றோலுமில்லை, உதிரிப்பாகமுமில்லை. சில துளி பெற்றோலில் இயக்கி, மண்ணெண்ணெயில் இந்தக் கார்களை ஓடவைத்தவர்கள் எங்கள் மெக்கானிக்குகள். கையிலிருந்த இரும்பைக்கொண்டு அவர்கள் கூட்டை நிமிர்த்தியதை நான் கண்டிருக்கிறேன். அந்தத் தொழிலின் பெயரால் இன்று பட்டி விற்கிறார்கள். அன்று வீதியில் வாகனம் குறைவு. இன்றோ ஏ9 வீதியில் விரையும் பேருந்துகளுக்கிடையே, மணமக்களை ஏற்றிக்கொண்டு ஓடுகின்றன.

சென்ற முறை நண்பர் ஒருவருக்காக நானே குண்டு பிடித்தேன். மூலைவிட்டங்களுக்கிடையே ஒன்றேகால் அங்குல வித்தியாசம். "கலியாணக் காருக்கு இவ்வளவு கணக்கோ?" என்று விற்பவர் சிரித்தார். நண்பரும் சிரித்தார். முற்பணமும் கொடுத்தார். நீலம் நல்ல நீலமாம்.