அந்த விமானம் யாருடையது?

குட்டீஸ், பிரிட்டனில் 2009ல் ஐரோப்பிய பார்லிமென்ட் தேர்தல் நடந்தது. அப்போது, 'பிரிட்டிஷ் தேசிய கட்சி' என்ற கட்சி, ஒரு போஸ்டர் வெளியிட்டது. வானில் பறக்கும், 'ஸ்பிட்பயர்' போர் விமானம். 'பிரிட்டனுக்கான போர்' என்ற வாசகம். அவ்வளவுதான்!

ஸ்பிட்பயர் படத்தைப் பார்த்தாலே, பிரிட்டன்காரர்களுக்கு உடம்பு சிலிர்க்கும். இரண்டாம் உலகப் போரில், 1940ல், ஜெர்மன் விமானங்களை எதிர்த்து நின்றவற்றில் அதுவும் ஒன்று. அந்த சிலிர்ப்பை ஓட்டாக்கப் பார்த்தது கட்சி. வெளிநாட்டினர் வந்து குடியேறக் கூடாது என்பதுதான், அதன் முக்கிய கொள்கை. அந்த சமயம், போலந்தில் இருந்து ஏராளமானோர் வேலை தேடி, பிரிட்டனுக்கு வந்திருந்தனர்.

விமான வரலாற்றைக் கரைத்துக் குடித்தவர்கள் சும்மா இருப்பார்களா? விமானத்தின் மேல் இருந்த, 'ஆர்.எப்.,' என்ற எழுத்துகளை வைத்து, கண்டுபிடித்து விட்டனர். அக்காலத்தில், ஒவ்வொரு படைப்பிரிவு விமானத்திலும் அடையாளமாக இரண்டு எழுத்துகள் இருக்கும். 'ஆர்.எப்.,' என்றால், 303வது படைப்பிரிவு. அதன் விமானிகள் யார் தெரியுமா? போலந்துக்காரர்கள்!

கடந்த 1939ல், ஹிட்லரின் படை போலந்தைத் தாக்கியது. தப்பிய விமானிகள் பலர், ருமேனியா, பிரான்ஸ் என்று அலைந்து, பிரிட்டன் வந்து சேர்ந்தனர். ஆங்கிலம் சரியாகப் பேச வராது. ஆனால், விமானத்தில் ஏறினால் புலி! 1940ல், சில வாரங்களில், 126 எதிரி விமானங்களை வீழ்த்தியதாக, அன்றைய கணக்கு சொன்னது. பிற்கால ஆய்வாளர்கள் எண்ணிக்கையைக் குறைத்தாலும், வீரத்தைக் குறைக்கவில்லை. (அப்போது அவர்கள் ஓட்டியது, 'ஹரிகேன்' விமானம், ஸ்பிட்பயர் கிடைத்தது அடுத்த ஆண்டுதான்.)

இதைப் படித்ததும் சிரிப்பு வருகிறதா? எனக்குக் கோபம் தான் வருகிறது. சரி, ஆங்கிலேய விமானி ஓட்டிய விமானத்தையே போட்டிருந்தால் நியாயமாகி விடுமா? அவரிடம் மட்டும் யார் சம்மதம் கேட்டது? 'என் கருத்து இது இல்லையே...' என, இறந்து போனவர் எழுந்து வந்து சொல்ல முடியாதே! பாடப் புத்தகத்திலும் போர்ப் படம் இருக்கிறது. அதன் கீழே இடம், ஆண்டு எல்லாம் இருக்கும். போஸ்டர் போடுபவர்கள், முதலில் வெட்டி எறிவது அதைத்தான்.

அந்த 303வது படைப்பிரிவு, முதலில் பறந்து கிளம்பியது, லண்டன் புறநகரில் உள்ள நார்தோல்ட் விமான தளத்தில் இருந்து. அதன் அருகே, உச்சியில் கழுகு அமர்ந்த நினைவுச் சின்னம் ஒன்று, 1948ல் திறக்கப்பட்டது. போரில் உயிர் விட்ட போலந்து விமானப்படையினரின் பெயர்கள், அந்தக் கல்லில் வரிசையாக இருக்கின்றன.