'ரேஸ் ரத்தத்துல இருக்கு'ன்னு சொல்ற அப்பாக்களுக்கு

கொஞ்சம் நீளமான இழை இது. வீட்டில் பதினாறு, பதினேழு வயசுப் பிள்ளை பைக் கேட்டு அடம்பிடிச்சிட்டு இருந்தா, நீங்க மட்டுமாவது கடைசி வரைக்கும் படிச்சிடுங்க.

போன மாசம் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு முன்னாடியே போன். பதினேழு வயசுப் பையன், பிளஸ் டூ. கேடிசி நகரைத் தாண்டி நாங்குநேரி போற நாலுவழிச் சாலையில் நண்பர்களோட 'டாப் எண்ட்' பார்க்கப் போயிருக்கான். பின்னாடி வந்தவன் செல்போனில் வீடியோ எடுத்திருக்கான். வலது தொடை எலும்பு நடுவில் இரண்டாக முறிஞ்சிருந்தது. ஹெல்மெட் இருந்தது, பைக் கண்ணாடியில். தலை தப்பினது சாலையோர மண்ணோட புண்ணியம், வேற ஒன்னும் இல்லை.

(அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.)

இதுவரைக்கும் வழக்கமான கதைதான். பாளையங்கோட்டையில் எலும்பு பார்க்கிற எந்த டாக்டரைக் கேட்டாலும் இப்படிப் பத்து சொல்வார். அன்னைக்கு என்னை யோசிக்க வெச்சது பையன் இல்லை, அவங்க அப்பா.

அவர் ஒரு டூ வீலர் மெக்கானிக். சொந்தமா பட்டறை. ஆபரேஷன் முடிஞ்சு வெளிய வந்தப்போ கையைப் பிடிச்சுக்கிட்டு சொன்னார்: "வண்டிய கட்டிக் கொடுத்ததே நான்தான் டாக்டர். பழைய 200 சிசி வண்டி. மட்கார்டு கழட்டி, சைலன்சர் மாத்தி, பின்னாடி பெரிய டயர் போட்டு ஆறு மாசம் உக்காந்து செஞ்சேன். அவனுக்கு ரேஸ்னா உசுரு. எனக்கும் சின்ன வயசுல அப்படித்தான், ரத்தத்துல இருக்கு. நரேன் கார்த்திகேயனோட அப்பாவும் ரேஸ்காரர்தான? அவரு பிள்ளைய அடக்கியிருந்தா அவன் அங்க போயிருப்பானா?"

அவர் மேல எனக்குக் கோபம் வரலை. பிள்ளைக்காக ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து ஒரு வண்டியைக் கட்டின மனுஷன். ஆனா அந்தக் கேள்விக்கு அங்க நின்னுக்கிட்டே பதில் சொல்ல முடியலை. அதனால இங்க சொல்றேன்.

அண்ணாச்சி, நீங்க சொன்ன குடும்பத்தையே எடுத்துக்குவோம்.

நரேனோட அப்பா ஜி.ஆர்.கார்த்திகேயன் தென்னிந்திய ராலியை 7 முறை ஜெயிச்சவர். ராலின்னா என்னன்னு தெரிஞ்சுக்கோங்க. வேகமா ஓட்டுற பகுதிகளில் மத்த போக்குவரத்தை நிறுத்தியிருப்பாங்க. எதிரில் பால் வண்டி வராது, ஆட்டு மந்தை குறுக்க வராது. ஓட்டுறவர் பக்கத்தில் இன்னொருத்தர் உட்கார்ந்து அடுத்த திருப்பம் எந்தப் பக்கம், எவ்வளவு கூர்மைன்னு சொல்லிக்கிட்டே வருவார். தனியா, இருட்டில், தெரியாத ரோட்டில் முறுக்குறதுக்குப் பேர் ராலி இல்லை.

அடுத்து அவங்க உறவுக்காரர் எஸ்.கரிவரதன். கோயம்புத்தூர்க்காரர். நம்ம நாட்டில் ரேஸ் கார் கட்டினவங்கன்னு சொன்னா முதல்ல வர்ற பேர்களில் ஒன்னு. 1980களின் கடைசியில் அவர் செஞ்ச வேலையைப் பாருங்க. இருக்கிறதிலேயே பெரிய என்ஜினைத் தேடிப் போகலை. மாருதி 800 காரோட என்ஜினை எடுத்து, ஒத்தை ஆள் உட்கார்ற சின்ன ரேஸ் கார் ஒன்னைக் கட்டினார். ஃபார்முலா மாருதின்னு பேர். நம்ம ஊர்ல அன்னைக்கு ஸ்கூல் டீச்சர் ஓட்டிட்டுப் போன காரோட அதே 796 சிசி என்ஜின்.

ஏன் அப்படி? விலை ஒரு காரணம். இன்னொன்னு, எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி சின்ன வண்டி இருந்தா ஓட்டுற திறமைதான் வெளிய தெரியும், என்ஜின் பலம் இல்லை. புதுசா வர்ற பையன் தப்புப் பண்ணினாலும் பிழைச்சு வந்து அடுத்த வாரம் திருத்திக்கலாம். இந்தக் காரில்தான் நரேனும் ஆரம்பிச்சார்.

1992இல், பதினைந்து வயசில், பிரான்ஸில் இருக்கிற வின்ஃபீல்ட் ரேஸிங் பள்ளிக்கு அனுப்பினாங்க. ஆமா, பள்ளிக்கு. எங்க பிரேக் பிடிக்கணும், எந்த இடத்தில் திருப்பணும், எப்போ விடணும்னு சொல்லித்தர்ற இடம். அப்புறம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை டிராக், இங்கிலாந்தில் சின்னச் சின்னப் போட்டிகள்னு படிப்படியா பதிமூணு வருஷம் போச்சு. 2005இல்தான் ஃபார்முலா ஒன். இந்தியாவிலிருந்து அங்க போன முதல் ஆள்.

அப்பா ரேஸ்காரர்ங்கிறதால அந்தப் பிள்ளைக்குக் கிடைச்சது தைரியம்னு நீங்க நினைக்கிறீங்க. தைரியம் எல்லாப் பதினேழு வயசுக்காரன்கிட்டயும் தானா இருக்கு, அதை எந்த அப்பாவும் கொடுக்க வேண்டியதில்லை. அந்த வீட்டில் கிடைச்சது பொறுமையும் வழிமுறையும். எப்போ பெரிய வண்டி வேண்டாம்னு தெரிஞ்ச பெரியவங்க கூட இருந்தாங்க.

இப்போ ஒரு விஷயம் சொல்றேன், இது எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை.

ஃபார்முலா ஒன்னில் நரேன் வாங்கின புள்ளிகள் மொத்தமே 5. அதுவும் ஒரே ரேஸில், 2005 ஜூன் 19, அமெரிக்காவின் இண்டியனாபோலிஸில். நாலாவது இடம். எப்படிக் கிடைச்சது தெரியுமா? அந்த ரேஸில் ஓடினதே ஆறு கார்தான். இருபது காரில் பதினாலு, ரேஸ் தொடங்குறதுக்கு முன்னாடி டிராக்கை ஒரு சுத்து சுத்திட்டு பெட்டிக்குள்ள திரும்பிப் போயிடுச்சு. காரணம், டயர். வெள்ளிக்கிழமை பயிற்சியில் ஒரு கார் டயர் போய் சுவரில் மோதிச்சு. அந்த வேகத்துக்கும் அந்தத் திருப்பத்துக்கும் எங்க டயர் தாங்கும்னு எங்களால சொல்ல முடியாதுன்னு டயர் கம்பெனியே சொல்லிடுச்சு. உலகத்தின் பெரிய பெரிய டிரைவர்கள், கோடிக்கணக்கில் பணம், லட்சம் பேருக்கு மேல ரசிகர்கள் கத்திக்கிட்டு இருக்காங்க. அப்பவும் ஏழு அணிகள் வண்டியை நிறுத்திட்டாங்க.

(நரேனோட அணி வேற கம்பெனி டயர் போட்டிருந்தது. அதனால ஓடினாங்க.)

உங்க பையன் பைக்கோட பின் டயரை நான் போட்டோவில் பார்த்தேன் அண்ணாச்சி. எங்கிருந்தோ கழட்டின பழைய டயர். பட்டன் தேஞ்சு போயிருந்தது. மெக்கானிக் நீங்க, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பையன் செல்போன் பூரா மான்ஸ்டர் டிரக் வீடியோ. வார்டில் படுத்துக்கிட்டும் அதைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தான். ஆள் உயரத்துக்கு டயர், வரிசையா நிக்கிற பழைய கார்களை நசுக்கிட்டு ஆகாயத்தில் பறக்கிற அமெரிக்க வண்டி. "இது மட்டும் ஆபத்து இல்லையா டாக்டர்?"ன்னு கேட்டான். நல்ல கேள்வி.

அதிலயும் ஒரு பிரபலமான குடும்பம் இருக்கு. டென்னிஸ் ஆண்டர்சன்னு ஒருத்தர், 1980களின் ஆரம்பத்தில் பழைய ஃபோர்டு பிக்கப் ஒன்னை எடுத்து, கழிச்சுப்போட்ட பாகங்களை வெச்சு ஒரு வண்டி கட்டினார். கிரேவ் டிக்கர்னு பேர், குழிவெட்டின்னு அர்த்தம். உங்க பட்டறை மாதிரிதான் ஆரம்பம். மூணு மகன்கள், ஒரு மகள், நாலு பேருமே இப்போ மான்ஸ்டர் டிரக் டிரைவர்கள்.

ஆனா அந்த வண்டிக்குள்ள என்ன இருக்குன்னு பாருங்க. டிரைவர் நடுவில் உட்கார்ந்திருப்பார், சுத்தி இரும்புக்குழாய்க் கூண்டு. உடம்போட சேர்த்து இறுக்கிக் கட்டின பெல்ட். தலைக்கு ஹெல்மெட். இதெல்லாம் வீடியோவில் தெரியும். தெரியாத ஒன்னு இருக்கு. மைதானத்தில் நிக்கிற ஒரு அதிகாரி கையில் ரிமோட் இருக்கும். வண்டி கட்டுப்பாடு இழந்தா அவர் ஒரு பட்டனை அமுக்குவார், என்ஜின் நின்னுடும். வண்டி யாரோடதா இருந்தாலும், ஓட்டுறவர் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும், நிறுத்துற அதிகாரம் வெளியே இன்னொருத்தர் கையிலயும் இருக்கு. இவ்வளவு இருந்தும் டென்னிஸ் 2017இல் மோசமா அடிபட்டார். அதோட ஓட்டுறதை விட்டுட்டார்.

நாங்குநேரி ரோட்டில் உங்க பையனுக்கு அந்த ரிமோட் யார் கையில் இருந்தது? வீடியோ எடுத்தவன் கையிலயா?

கொஞ்சம் மருத்துவம் பேசிடறேன்.

தொடை எலும்பு முறிஞ்சா, வெளிய ஒரு சொட்டு ரத்தம் தெரியாமலேயே தொடைக்குள்ள ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் ரத்தம் கசியலாம். உடம்பில் இருக்கிறதே சுமார் ஐந்து லிட்டர். வேகம் இரண்டு மடங்கானா மோதலோட ஆற்றல் நாலு மடங்கு. நாற்பதில் விழுறதுக்கும் எண்பதில் விழுறதுக்கும் வித்தியாசம் இரட்டிப்பு இல்லை.

இன்னொன்னு. பெரிய எலும்பு முறிஞ்சா உள்ள இருக்கிற மஜ்ஜையோட கொழுப்பு ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்கும் மூளைக்கும் போகலாம். ஒரு நாள், ரெண்டு நாள் நல்லாப் பேசிட்டு இருந்த பிள்ளைக்குத் திடீர்னு மூச்சு வாங்கும், புத்தி தடுமாறும். 1978இல் இத்தாலியில் மோன்சா ரேஸில் அடிபட்ட ரோனி பீட்டர்சன்ங்கிற பெரிய டிரைவர் கால் முறிவோடதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். மறுநாள் இறந்துட்டார். கொழுப்பு அடைப்புதான்.

அப்போ ஃபார்முலா ஒன் டாக்டரா இருந்தவர் சிட் வாட்கின்ஸ், மூளை நரம்பு அறுவை நிபுணர். அந்தச் சாவுக்கு அப்புறம் அவர் கறாரா நின்னு கேட்டது இவ்வளவுதான்: டிராக்கிலேயே மயக்க மருந்து நிபுணர், டாக்டரோட பின்னாடியே வர்ற கார், தயாரா நிக்கிற ஹெலிகாப்டர். ரேஸ் உலகம் பாதுகாப்பானது தைரியசாலிகளால இல்லை, இப்படி முரண்டு பிடிச்ச ஆட்களால.

நம்ம நாலுவழிச் சாலையில் அது இல்லை. 108 இருக்கு, வரும். ஆனா அதுக்குள்ள நாலு பேர் சேர்ந்து, முறிஞ்ச கால் தொங்கத் தொங்க ஆட்டோவில் தூக்கிப் போட்டுடறாங்க. தயவுசெஞ்சு அதைப் பண்ணாதீங்க. காலை ஆடாம எதையாவது வெச்சுக் கட்டுங்க, இல்லைன்னா 108 வர்ற வரைக்கும் தொடாம விடுங்க. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 2021இலிருந்து தமிழ்நாட்டில் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கு. குறிப்பிட்ட தனியார் ஆஸ்பத்திரிகளிலும் செல்லும். பணம் இல்லைன்னு தயங்கி நேரத்தை விடாதீங்க.

ஹெல்மெட் பத்தி ஒரே வரி: பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வின்படி, அது தலைக்காயத்தை 69 சதவீதமும் சாவை 42 சதவீதமும் குறைக்குது. கண்ணாடியில் மாட்டினா பூஜ்ஜியம்.

சட்டமும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. பதினெட்டு வயசு ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிப் பிடிபட்டா, 2019 திருத்தத்துக்கு அப்புறம் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூணு வருஷம் வரைக்கும் சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டிப் பதிவு ஒரு வருஷத்துக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கிடையாது. வண்டியை இஷ்டத்துக்கு மாத்திக் கட்டினா அதுக்குத் தனி. அவன் யார் மேலயாவது மோதியிருந்தா, இன்சூரன்ஸ் கம்பெனி அவங்களுக்குப் பணத்தைக் கட்டிட்டு உங்ககிட்ட வசூல் பண்ண வரலாம். பட்டறை போயிடும் அண்ணாச்சி.

"அப்போ எங்க மாதிரி ஆட்களுக்கு ரேஸ் கிடையாதா?"ன்னு கேட்பீங்க. நியாயம்தான். பணக்கார விளையாட்டுதான் இது, நான் மறுக்கலை. பிரான்ஸுக்கு அனுப்பவா முடியும்? நெல்லைப் பக்கம் ஒரு டிராக் கூட இல்லை. இத்தனைக்கும் டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கின டி.வி.சுந்தரம் ஐயங்கார் நம்ம திருக்குறுங்குடிக்காரர். அந்தப் பேரில் ஒரு ரேஸ் அணி 1982இலிருந்து ஓடிக்கிட்டு இருக்கு. நம்ம பையன்கள் வேகம் பழக நாலுவழிச் சாலையை விட்டா வேற இடம் இல்லைங்கிறது இந்த மாவட்டத்துக்கே வெட்கக்கேடு. அதைக் கேட்க நானும் வரேன், கையெழுத்துப் போடறேன். ஆனா டிராக் இல்லைங்கிறதால கேடிசி நகர் டிராக் ஆயிடாது. கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரிவரதன் பேரிலேயே ஒரு டிராக் இருக்கு. இங்கிருந்து ஒரு ராத்திரி பஸ் பயணம்தான். போய்ப் பார்த்துட்டு வாங்க. முதல் தடவை ஓட்ட வேண்டாம், பார்த்தா போதும். ஒரு வண்டியை டிராக்கில் விடுறதுக்கு முன்னாடி எத்தனை பேர் அதைச் சோதிக்கிறாங்கன்னு மட்டும் எண்ணுங்க.

கடைசியா பையனோட தாத்தாவைப் பத்திச் சொல்லணும். எழுபதைத் தாண்டினவர். முக்கூடல் பக்கம் கிராமம். வாலிபத்தில் மாட்டுவண்டிப் பந்தயத்தில் சாரதியா இருந்தவராம். அவங்க வீட்டில் பந்தய மாடு வளர்த்திருக்காங்க. ரேஸ் ரத்தம்னு பார்த்தா அங்கிருந்துதான் வருது போல.

மூணாம் நாள் வார்டில் மகனைப் பார்த்து மெதுவாத்தான் சொன்னார், ஆனா எல்லாருக்கும் கேட்டுச்சு: "ஏல, பூஞ்சிட்டுல ஓட வேண்டிய கன்ன, பெரிய மாட்டு வண்டில கொண்டு பூட்டுவியால? நீயும் எங்கூடத்தானல பந்தயம் பாக்க வந்த?"

மெக்கானிக் அப்பா பதில் பேசலை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார்.

பையனுக்கு இப்போ கம்பி வெச்சாச்சு, வாக்கர் பிடிச்சு நடக்கிறான். வண்டியை அப்பா பிரிச்சுப் போட்டுட்டதா போன வாரம் சொன்னார். அடுத்த எக்ஸ்ரே பன்னிரண்டாம் தேதி. தாத்தாவும் கூட வர்றேன்னு சொல்லியிருக்கார்.