பீரோவில் இருக்கும் லேப்டாப்பை வெளியே எடுங்கள்



பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டது. பதினொன்றில் எந்த குரூப் என்ற பேச்சு இப்போது வீட்டுக்கு வீடு ஓடுகிறது. பையனுக்குக் கம்ப்யூட்டர், பெண்ணுக்குக் கணக்கு இல்லாத ஏதோ ஒன்று என்று முடிவு செய்யுமுன் எங்கள் பேச்சையும் கேளுங்கள். இதே ஊர் அரசு மகளிர் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, இன்று மென்பொருள் வேலை பார்ப்பவர்கள் நாங்கள்.

2011-இல் தொடங்கிய இலவசத் திட்டத்தில் எங்களில் ஒருத்திக்கு லேப்டாப் கிடைத்தது. அம்மா அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்து, துண்டில் சுற்றி பீரோவில் வைத்தார். ஆயுத பூஜைக்கு ஒருமுறை வெளியே வரும். அண்ணன் படம் பார்க்க அடிக்கடி வரும். "நீ கை வச்சா ரிப்பேர் ஆயிடும்" என்பார்கள் அவளிடம். கையெழுத்துப் போட்டு வாங்கியதே அவள்தான்! பள்ளி லேபிலும் ஒரு சிஸ்டத்துக்கு மூன்று பேர். மௌஸ் ஒருத்தி கையில் இருக்கும். மற்ற இருவரும் ரெக்கார்டு நோட்டில் அவுட்புட்டை முத்து முத்தாக எழுதுவோம். மார்க் வந்தது. புரோகிராமைச் சொந்தக் கையால் ஓட்டிப் பார்த்தது கல்லூரிக்குப் போன பிறகுதான். அரசு கொடுத்த சைக்கிளைத் திண்ணையில் சார்த்தி வைத்துவிட்டு யாராவது ஓட்டப் பழகியதுண்டா?

இங்கிலீஷ் வராதே என்று தயங்காதீர்கள். பன்னிரண்டாம் வகுப்பில் வரும் பைத்தான் மொழிக்குத் திறவுச்சொற்கள் மொத்தமே 35. ஒரு வாரத்தில் மனசில் நிற்கும்.

குரூப் விஷயத்தில் ஒன்றே ஒன்று: கணக்கை விட்டுவிடாதீர்கள். பொறியியல் கலந்தாய்வில் 200-க்கான கட்-ஆஃபில் கணக்குக்கு மட்டும் 100. இயற்பியல், வேதியியலுக்குத் தலா 50. கம்ப்யூட்டர் சயின்ஸ் மார்க் அதில் சேராது. எனவே உங்கள் பள்ளியில் கம்ப்யூட்டர் குரூப் இல்லையென்றாலும் கணினிப் பொறியியல் படிக்க முடியும்.

செலவுக்கும் வழி இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தனி.

பெற்றோரே, தினமும் ஒரு மணி நேரம் வீட்டில் இருக்கும் லேப்டாப் உங்கள் மகள் கையில் இருக்கட்டும். அந்த நேரத்துப் பாத்திரங்களைத் தம்பி தேய்க்கலாம். கை ஒன்றும் தேய்ந்துவிடாது. ஆசிரியர்களே, லேபில் கால் மணிக்கு ஒருமுறை மௌஸைக் கை மாற்றுங்கள். பேசாமல் கடைசியில் நிற்கிற பிள்ளைக்கு, வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்த பிள்ளைக்கு, முதல் முறை கொடுங்கள்.

ஞாயிறுதோறும் காலை 10 மணிக்குக் கிளை நூலகத்தில் இருப்போம். அக்காவுக்கு வந்த பழைய லேப்டாப் ஆன் ஆகாவிட்டாலும் பரவாயில்லை, சார்ஜரோடு எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் மாணவியர்